விரதம் இருந்தால் தூக்கம் கெடுகிறதா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எடையும் சர்க்கரையும் ஒன்றாக ஏறத் தொடங்கியபோது 16:8 விரதத்தில் இறங்கினேன். நாளுக்கு 16 மணி நேரம் தண்ணீர், பாலும் சர்க்கரையும் சேராத காபி, டீ, அவ்வளவுதான். மிச்சமுள்ள 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும். அமாவாசை, சஷ்டி, ஏகாதசி என்று ஒருசந்தி இருந்து பழகிய வீட்டில் பிறந்தவள் என்பதால் பசி என்னைப் பெரிதாக வாட்டவில்லை. தூக்கம்தான் போய்விட்டது. ஒரு மாதம் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தேன். விட்டுவிடலாம் என்று நினைத்த சமயத்தில்தான் ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். எங்கே தப்பு என்று அதில் தெரிந்தது.

இன்றைக்கு எங்கள் லைனில் வேலை செய்கிற பெண்களும் ஊரில் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். "ஏனுங்க்கா, வெரதம் இருந்தா ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க, என்ன பண்றது?" தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் யாரும் உடனே புது மோட்டார் வாங்குவதில்லை. பியூஸ் போனதா, ஒரு பேஸ் வரவில்லையா, புட்வால்வ் தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தூக்கம் வராததும் அப்படித்தான். ஐந்தாறு கோளாறுகளுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. எந்தக் கோளாறு என்று தெரிந்தால் சரிசெய்வது எளிது. நேரக் கட்டுப்பாட்டோடு சாப்பிடுகிறவர்களைக் கவனித்த ஆய்வுகளில், அதனால் மட்டும் தூக்கத்தின் தரம் பெரிதாகக் கெட்டதாகத் தெரியவில்லை. நம் தூக்கம் கெடுவது பெரும்பாலும் விரதத்தைச் சுற்றி நாம் வைத்துக்கொள்கிற பழக்கங்களால்.

இறங்குவதற்கு முன்னால்

கீழே எழுதியிருப்பது பெரிய நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு. கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், 18 வயது ஆகாதவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், எடைக்குப் பயந்து சாப்பாட்டையே ஒதுக்கும் சிக்கலில் முன்பு இருந்தவர்கள், இவர்கள் யாரும் டாக்டர் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும். நான் இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடுராத்திரி விழிப்பு பற்றிய பகுதியில் வரும்.

அப்புறம் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். கடைசி வாய் சோறு எத்தனை மணிக்கு, கடைசி காபி அல்லது டீ எத்தனை மணிக்கு, படுத்தது எப்போது, இடையில் விழித்தது எப்போது, விழித்தபோது உடம்பில் என்ன இருந்தது: பசியா, எரிச்சலா, வேர்வையா, ஒன்னுக்கு முட்டியதா, கால் பிடித்ததா. மணி பார்க்க ராத்திரியில் செல்போனைத் தொட வேண்டாம். காலையில் எழுந்து குத்துமதிப்பாக எழுதினால் போதும். சரிசெய்யும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கைந்து நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது கை கொடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

படுத்தவுடன் நெஞ்சு எரிகிறது, வயிறு கனமாக இருக்கிறது, புரண்டு புரண்டு படுக்க வேண்டியிருக்கிறது

என் கோளாறு இதுதான். நான் பார்த்த அளவில் அதிகம் பேருக்கு இருப்பதும் இதுதான்.

எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டு, எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். ஆகவே மத்தியானம் ஒன்றரைக்கு முதல் சாப்பாடு, வீட்டுக்கு வந்து ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசிச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன். கணக்குக்குச் சரியாக 8 மணி நேரம். ஆனால் மத்தியானம் வேலை அவசரத்தில் அரைகுறையாகச் சாப்பிடுவேன். அன்றைக்கு முழுவதும் சேர்ந்த பசி ஒன்பதரை மணித் தட்டில் வந்து இறங்கும். பத்தரைக்குப் படுக்கை. சோறு வயிற்றில் அப்படியே இருக்கும்போது நீட்டிப் படுத்தால் அமிலம் மேலே ஏறித் தொண்டைவரை எரிக்கும். நல்ல தூக்கத்துக்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் தணிய வேண்டும். பெரிய சாப்பாட்டைச் செரிக்கிற வேலை நடக்கும்போது அது தணிவதில்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்தால் மெலடோனின் சுரக்கத் தொடங்கும். உடம்பு தூங்கத் தயாராவதற்கான சைகை அது. அதே மெலடோனின் கணையத்திடம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளவும் சொல்கிறது. அதனால் காலையில் சாப்பிட்ட அதே அளவு சோற்றை ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. 2018-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்களை, கடைசிச் சாப்பாட்டை மத்தியானம் 3 மணிக்குள் முடிக்கச் சொல்லி 5 வாரம் பார்த்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, பிரஷரும் இறங்கியது. எட்டே பேரை வைத்துச் செய்தது, மூன்று மணி நம் பிழைப்புக்கு ஒத்தும் வராது. ஆனாலும் எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டுகிறது. எத்தனை மணி நேரம் பட்டினி என்பதைவிட, சாப்பிடும் நேரம் பகலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தூக்கத்துக்கு முக்கியம்.

எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்துச் சாளையில் இருந்த காலத்தில் பொழுதோட சோறு உண்டு முடித்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்பில் வேலை இருக்காது. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் படுப்பார்கள். கரண்டும் டிவியும் வந்த பிறகுதான் நம் ராச்சோறு ஒன்பது பத்து மணிக்குத் தள்ளிப் போனது.

நான் செய்தது இதுதான். ராச்சோற்றைக் காலையிலேயே கட்டித் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். காலை பத்தரை மணி டீ பிரேக்கில் முதல் சாப்பாடு, ஒன்றரைக்கு மத்தியானச் சோறு, சாயங்காலம் ஆறேகால் பிரேக்கில் கடைசிச் சாப்பாடு. அதே 8 மணி நேரம்தான், மூன்று மணி நேரம் முன்னால் நகர்ந்துவிட்டது. ஒரே நாளில் மாற்றவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாக நகர்த்தினேன். சிரமம் பசியில் இல்லை, வீட்டில் இருந்தது. ஒன்பதரைக்கு எல்லோரும் தட்டைப் போட்டு உட்காரும்போது மாமியார், "ஏம்மா, நீ உண்கலையா?" என்று தினமும் கேட்பார். நான் சாப்பிடாமல் இருப்பது அவருக்குப் பொறுக்காது. கூடவே உட்கார்ந்து பரிமாறி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அவருக்கும் பழகிவிட்டது. நெஞ்செரிச்சல் அதற்கு முன்பே நின்றிருந்தது.

வேலை அமைப்பு இதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் 16 மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 13, 14 மணி நேரம் போதும் என்று வைத்துக்கொண்டு, காலையில் கொஞ்சம் சாப்பிட்டு, பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாற்றி, ராத்திரியில் இரண்டு இட்லி, ஒரு தட்டு சந்தகை (இடியாப்பம் மாதிரி) என்று முடித்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கட்டும். புரோட்டா, பிரியாணி, எண்ணெயில் பொரித்தது, காரக்குழம்பு எல்லாம் பகலுக்கு. இடது பக்கமாகப் படுத்தால் எரிச்சல் குறையும். தலையணையை இரண்டாக அடுக்காதீர்கள். வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கலோ கட்டையோ வைத்து அரை அடி உயர்த்துங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிச்சல் தொடர்ந்தால், விழுங்கும்போது அடைத்தால், மலம் கறுப்பாகப் போனால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல அழுத்தம், வேர்வை, வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, இது கேஸ் என்று சோடா வாங்கிக் குடிக்கிற விஷயம் இல்லை. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படுத்தால் வயிறு கிள்ளுகிறது, பசியில் தூக்கம் பிடிக்கவில்லை

ஆரம்பித்து எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டு வாரம் என்றால் இது கோளாறே இல்லை. வழக்கமாகச் சாப்பிட்டு வந்த மணிக்குப் பசிச் சுரப்பு தானாக ஏறும். பழைய நேரத்தை அது மறக்கக் கொஞ்ச நாள் ஆகும். அந்தப் பசி அலைபோல வந்து, அரை மணி முக்கால் மணியில் தணிந்துவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் கிள்ளுகிறது என்றால் தட்டைப் பாருங்கள். நம் சாப்பாட்டில் அரிசி மலைபோல இருக்கும், பருப்பு ஓரத்தில் இருக்கும். வெறும் சோறும் ரசமும் நான்கு மணி நேரம் தாங்காது. கடைசிச் சாப்பாட்டில் பச்சைப்பயிறு கடைந்ததோ, கொள்ளுப் பருப்போ, தட்டைப்பயிறோ ஒரு நல்ல கிண்ணம் இருக்கட்டும். சாப்பிடுகிறவர்களாக இருந்தால் இரண்டு முட்டை. சோற்றுக்குப் பதில் ராகிக் களி ஒரு உருண்டை, கீரை கடைந்து ஊற்றிக்கொள்ளலாம். அரிசிம்பருப்பு செய்தால் பருப்பை இரட்டிப்பாகப் போடுங்கள், ஒரு கரண்டி நெய் விடுங்கள். ஒரு பிடி வேகவைத்த நிலக்கடலையோடு முடித்தால் பத்து மணி வரைக்கும் வயிறு கேட்காது.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். சிலர் விரதத்தோடு டயட்டையும் சேர்த்துக்கொண்டு, அந்த 8 மணி நேரத்திலும் ஒரு இட்லி, அரைக் கரண்டி சோறு என்று இருக்கிறார்கள். நாள் முழுவதற்கும் வேண்டிய சாப்பாடே உள்ளே போகவில்லை என்றால் உடம்பு பயந்துபோய் ராத்திரியில் விழித்துக்கொள்ளும். எங்கள் லைனில் ஒரு பெண் அப்படித்தான் மாதவிலக்கே தள்ளிப்போய் வந்து நின்றாள். விரதத்தை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினோம். எடையைக் குறைக்கிற அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு

விழித்த நிமிஷத்தில் உடம்பு எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் இதைப் பிரிக்க வேண்டும். நோட்டு இங்கேதான் உதவும்.

ஒன்னுக்கு முட்டி விழித்தீர்கள் என்றால் தண்ணீர்க் கணக்கு தலைகீழாக இருக்கிறது. பகலில் ஓட்டத்தில் குடிக்காமல் விட்டுவிட்டு, ராத்திரி வந்து ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்போம். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். விரத நேரத்திலும் தண்ணீருக்குத் தடை இல்லை. படுப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், அவை தாகத்தைக் கூட்டும். இதையெல்லாம் செய்தும் மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருந்தால் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள். ஆண்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும்.

வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், அகோரப் பசியோடு விழித்தீர்கள் என்றால் கவனம் வேண்டும். தாராபுரத்தில் இருக்கும் என் சின்னம்மா சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். நான் இருப்பதைப் பார்த்து யாரிடமும் சொல்லாமல் அவரும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒரு ராத்திரி ரவிக்கை முழுக்க நனைந்து எழுந்து உட்கார்ந்தவரைச் சித்தப்பா மிஷின் வைத்துப் பார்த்தபோது 58 காட்டியிருக்கிறது. 70-க்குக் கீழே போனாலே தாழ்வு. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்படி நடந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பினவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு விரதமும் இல்லை, மறுநாளும் இல்லை. டாக்டரைப் பார்த்த பிறகுதான். இப்போது சின்னம்மா 12 மணி நேரம் மட்டும் இருக்கிறார், மாத்திரை அளவையும் டாக்டர் குறைத்திருக்கிறார்.

மாத்திரை எதுவும் எடுக்காத, நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் வேர்த்து விழித்தால் அது மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூடாகவும் இருக்கலாம். விழித்தபோது ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து, சரியாக இருந்தால் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

பசியும் இல்லை, எரிச்சலும் இல்லை, வேர்வையும் இல்லை, விடிந்ததுபோல மனசு தெளிவாக முழித்துக்கொள்கிறது என்றால் இரண்டு காரணம் அதிகம். ஒன்று, மது. குடித்தால் சட்டென்று தூக்கம் வரும், பாதி ராத்திரியில் அது கலைந்துவிடும். வெறும் வயிற்றில் இன்னும் வேகமாக ஏறும். மற்றொன்று, விரத நேரத்தில் உடம்பு விழிப்பாக இருக்க வைக்கிற சுரப்புகளைச் சற்று கூடுதலாக விடுகிறது. பகலில் அது நல்லது, வேலை ஓடும். ராத்திரியில் தொந்தரவு. 16 மணி நேரத்தை 14 ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். படுக்கையில் இருபது நிமிஷத்துக்கு மேல் முழித்துக் கிடக்க வேண்டாம். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பதோ, கீரை ஆய்வதோ போல ஒரு சின்ன வேலை செய்துவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுங்கள்.

உடம்பு அசதி, கண் மட்டும் மூட மாட்டேன் என்கிறது

காலைச் சாப்பாட்டை விட்டவர்கள் அந்த இடத்தைக் காபி டீயால் நிரப்புகிறார்கள். கம்பெனியில் எண்ணிப் பார்த்தேன்: காலையில் வீட்டில் ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, தலை வலித்தால் இன்னொன்று. மூளையில் நாள் முழுக்கச் சேர்கிற அசதிச் சைகையை, காபியிலும் டீயிலும் இருக்கிற காபின் என்ற பொருள் மறைத்துவிடுகிறது. குடித்த காபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்; சிலருக்கு அதற்கும் மேல். ஆறு மணி டீயில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காபின் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

நாளுக்கு இரண்டு, அதுவும் மத்தியானம் பன்னிரண்டு ஒரு மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் நாள் தலை பிளக்கும். அதை விரதத் தலைவலி என்று நினைத்துப் பலர் விரதத்தையே விட்டுவிடுகிறார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். ஆறு மணிக்குக் கை தேடினால் சுக்கு மல்லித் தண்ணீர் இருக்கிறது, கருப்பட்டி போடாமல். காலையில் எழுந்து பத்துப் பதினைந்து நிமிஷம் வெயில் வெளிச்சத்தில் நில்லுங்கள், வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் போதும். உள்கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் ராத்திரியைக் கணக்குப் போடுகிறது.

கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது

விரதத்தில் இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். சாப்பாட்டிலிருந்து வருகிற தண்ணீரும் குறைந்திருக்கும். சித்திரை வைகாசியில் ஈரோடு, கரூர் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு வேர்வையிலும் போகும். அதனால் தசைப்பிடிப்பு வருவது உண்டு.

சாப்பிடும் நேரத்துக்குள் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், கம்பங்கூழ், ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு இளநீர். இளநீரில் சர்க்கரைச் சத்து இருப்பதால் அதை விரத நேரத்தில் குடித்தால் விரதம் முறிந்துவிடும், பொள்ளாச்சி இளநீராகவே இருந்தாலும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் வாழையும் ஆபத்தாகலாம். பிரஷர்காரர்கள் உப்பைக் கூட்டக் கூடாது. இவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். பிடித்த நேரத்தில் காலை நீட்டி, பெருவிரலை முட்டியை நோக்கி இழுத்து அரை நிமிஷம் வைத்திருங்கள்.

வலி இல்லாமல், காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தால் அது வேறு. இரும்புச்சத்து குறைவு அதற்கு ஒரு பெரிய காரணம். நம் பெண்களில் எத்தனையோ பேர் ரத்தசோகையோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சோறு உண்ட கையோடு டீ குடித்தால் சோற்றில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கை கால் சில்லிட்டுத் தூக்கம் வரவில்லை

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் இதைச் சொல்கிறவர்கள் அதிகம். படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பாதம் சூடானால் உள்சூடு வெளியேறித் தூக்கம் சீக்கிரம் வரும். சாயங்காலச் சாப்பாட்டில் சூடாகச் செலவு ரசமோ கொள்ளு ரசமோ இருந்தால் நல்லது. எந்தக் காலத்திலும் குளிர்கிறது, முடியும் கொட்டுகிறது என்றால் சாப்பாடு போதவில்லை, அல்லது தைராய்டைப் பார்க்க வேண்டும்.

நைட் ஷிப்ட்

மில்லில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை என்றால் மேலே சொன்ன மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் 16 மணி நேரத்தில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேலைக்குக் கிளம்பும் முன் ஏழு, ஏழரைக்கு நல்ல சாப்பாடு. நடு ராத்திரி பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தண்ணீர் மட்டும். தாங்க முடியவில்லை என்றால் ஒரு பிடி கடலை, ஒரு டம்ளர் மோர். ராத்திரி வேலைபோலவே ஆய்வகத்தில் அமைத்து 19 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. டீ குடிப்பது ஷிப்டின் முதல் பாதியோடு சரி. காலையில் வந்து வெறும் வயிற்றோடு படுத்தால் பத்து மணிக்குப் பசி எழுப்பிவிடும், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் படுங்கள். பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் பழகியவர்களுக்குத் தாலாட்டாகிவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறவர்கள் 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரம் முழுக்க நன்றாகத் தூங்கி, ஞாயிறு திங்கள் மட்டும் கெடுகிறது

ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் நாட்டுக்கோழி, கல்யாணம், பொங்கல் நோம்பி, சாமி கும்பிட்டு ராத்திரி கறிவிருந்து. இதை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் அவர்கள் மனசு எவ்வளவு சங்கடப்படும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை எழுகிற மணியை மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிறு பகலில் மூன்று மணி நேரம் தூங்குவதால்தான் ராத்திரித் தூக்கம் போகிறது, விருந்தினால் அல்ல. பகலில் அரை மணி நேரம் போதும், அதுவும் மத்தியானம் மூன்று மணிக்குள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதம் தூக்கம் கெட்டிருந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். விரதத்தை நிறுத்தியும் அது தொடர்ந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது, இது மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். பக்கத்தில் படுப்பவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்வு இருந்தால் அன்றைக்கே விரதத்தை விட்டுவிடுங்கள்.

காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது

சாயங்காலத்துக்குள் சாப்பாட்டை முடித்து, ஒன்பதுக்கே படுக்கப் பழகியவர்கள் இதைக் கவலையோடு கேட்கிறார்கள். படுத்த நேரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். 7 மணி நேரம் ஆகியிருந்து, பகலில் அசதி இல்லை என்றால் இதில் சரிசெய்ய எதுவும் இல்லை, உங்கள் தூக்கம் முடிந்துவிட்டது. எங்கள் அப்பாரு அந்த நேரத்துக்குத்தான் எழுந்து கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போடுவார். நான் இப்போது அந்த நேரத்தில் எழுந்து தூக்குப்போசிக்குப் பச்சைப்பயிறு வேகவைக்கிறேன்.